கலஹா மலையில் பூச்சியம் மில்லிமீற்றர்

போன வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழும்பியதும், தேத்தண்ணீர் கூடப் போடாமல், குவாட்டர்ஸிலிருந்து இறங்கிப் போய் அலுவலகக் கணினியைத் திறந்தேன். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வைத்த மழைமானி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருதடவை தன் அளவைச் சிறு பொதியாக்கி ரேடியோவில் பேராதனைக்கு அனுப்பும். அளவு எல்லை தாண்டினால் இங்கிருந்தே கட்டளை அனுப்பி அங்குள்ள சைரனை ஊதவைக்கலாம். மண் சரியுமுன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் இருபத்தாறு குடும்பங்கள் வெளியேற வேறு எச்சரிக்கை இல்லை.

திரையில் பூச்சியம். செவ்வாய் முதல் எல்லாம் பூச்சியம். பற்றரி அளவைக் கேட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, 12.6 வோல்ட். கருவிக்கு ஒரு குறையுமில்லை. அந்தப் பக்கம் பெய்யவில்லையாக்கும் என்று மூன்று நாளாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேராதனையிலிருந்து கலஹா 16 கிலோமீற்றர். 6.40 பஸ், முப்பது ரூபாய். கண்டியிலிருந்து வருபவர்கள் இன்னும் ஆறு கிலோமீற்றர் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் சோதனைச்சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதால் எனக்கு மட்டும் இருபது நிமிடம். பஸ் காத்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கலஹாவில் ஓட்டோ, நான்கு கிலோமீற்றர், இருநூறு ரூபாய். “நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க மிஸ்,” என்றார் சாரதி. “மூணு நாளா மழ விடல. தவளைக்கே தடிமன் புடிச்சிருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைமானி இருந்த இடத்தில் ஒரு உரச் சாக்கு. பெட்டி, புனல் எல்லாவற்றையும் சேர்த்து மூடி, கயிற்றால் இறுக்கி, மேலே கொப்புகள் போட்டிருந்தார்கள். மேட்டுக்குக் கீழே லயத்தின் முதல் காம்பரா வீட்டில் இருக்கும் செல்வமணி ஓடிவந்தார்.

“நாங்கதான் மூடுனோம் மிஸ். செவ்வாக்கிழம ஆமி சுத்தி வளச்சாங்க. இந்தச் செவப்பு லைட்டு மினுங்குதே, அதப் பாத்தா கொட்டி ரேடியோ, புலியோடதும்பாங்க, பொடியன்கள அள்ளிட்டுப் போயிருவாங்க.”

“அன்டனா வெளியில நிக்குதே?”

“அத டீவிக் கம்பின்னுட்டோம். டீவி எங்கன்னு கேக்கல.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல, செல்வமணி?”

“போன்ல சொன்னா ஒங்களையும் புடிப்பாங்கல்ல.”

சாக்கை அவிழ்த்தேன். செல்வமணியின் சுவருக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். கை மணிக்கட்டுவரை இறங்கியது. மழைமானிக்கே குடை பிடித்திருக்க, பேராதனையில் நான் நிம்மதியாய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

“இது மண்ணு வாறதச் சொல்லுற பெட்டியல்லோ?” என்றேன்.

“மண்ணு எப்பயாச்சும் வரும் மிஸ். ஆமி வந்துட்டான்ல.” பிறகு மெல்லச் சொன்னார்: “இது யாரோடதுன்னு பேரெழுதி ஒட்டிக் குடுங்க. கேட்டா காட்டுவோம். திங்கக்கெழம வரைக்கும் மூடாம வைக்கிறோம்.”

இந்த மழைமானியை வைக்க வாங்கிய அனுமதிக் கடிதம் எங்கள் அலுவலக அலுமாரியில் பத்திரமாகக் கிடக்கிறது. அதில் எந்த ஆளின் பெயரும் இல்லை. அன்றிரவு முழுவதும் எண்கள் வந்தன. வெடிப்புக் கண்ட பின்சுவர் ஓரத்து ஆறு குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையை மேல் பையில் வையுங்கள். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசுங்கள். அன்டனாக் கம்பங்களைப் படம் எடுக்காதீர்கள். கடைசி பஸ் ஐந்தரைக்கு.

பெயர் போடாமல்தான் இந்தப் பயணப் பக்கத்தை எழுதிவருகிறேன். அந்தக் கடிதத்தின் கீழே என் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சிங்களத்தில் எழுதி, திங்கள் காலை பெட்டியில் ஒட்டப் போகிறேன். வீட்டில் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.