ஏழாம் நம்பரின் சிவப்பு டேப்

எங்கள் தொழிலில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் பயப்பட மாட்டோம். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால்தான் பயப்படுவோம்.

ஷார்ஜா பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். கட்டணம் கட்டிச் சுட வருகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது என் டியூட்டி. அதற்கு முன் பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவன். பிரேக் பிடிக்காத வண்டி, பாதியில் நிற்கும் லிஃப்ட் என்று எதையாவது கட்டி மேய்த்துக்கொண்டு, மேலே சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பதில் வாங்கும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே சாதி.

வீடியோ

எங்கள் மேனேஜர் மலிவாகக் கிடைத்தது என்று ஆறு பிஸ்டல் வாங்கிப் போட்டார். அதில் ஒன்று கிளப் கணக்கில் ஏழாம் நம்பர். விசையை அழுத்தினால் சில சமயம் உள்ளே தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் லேசாக இடித்தாலே அதுவாக விழுந்து வெடிக்கும்.

இது எனக்குத் தெரியவந்தது பக்கத்து ஏரியா முவைலாவிலிருந்து வந்த ஒரு புது மாப்பிள்ளையால். அழுத்தினார். வெடிக்கவில்லை. கெட்டுப்போன ரிமோட்டைக் காட்டுவது போல அப்படியே என் பக்கம் திரும்பினார். குழல் என் தொப்புளுக்கு நேராக இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து, குண்டுகள் போய்ப் புதைகிற மண்மேட்டுப் பக்கம் திருப்பினேன். அந்த உலுக்கலில் வெடித்தது. பிஸ்டலைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சிரித்தபடி கேட்டார்:

"அண்ணா, இன்னொரு தடவை பண்ணலாமா? வைஃப் வீடியோ எடுக்கல."

தூக்கிப் போட முடியாத சாமான்

மிக்ஸி கெட்டால் குப்பையில் போடலாம். துப்பாக்கியைப் போட முடியாது. அதன் நம்பர் போலீஸ் பதிவில் இருக்கிறது. சுட்டாலும் சுடாவிட்டாலும் அது அலமாரியில் இருந்தாக வேண்டும். ஒழிக்க வேண்டுமென்றால் மேனேஜர் எழுதிக் கேட்டு, அதிகாரி வந்து, அவர் கண்முன்னே அறுக்க வேண்டும். அதுவரை சிவப்பு டேப் சுற்றி ஓரமாக வைப்பது எங்கள் வழக்கம்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், தங்கமானவர். ஆனால் எழுதிக் கேட்டால் "இந்தக் குப்பையை வாங்கியது யார்?" என்று முதலாளி கேட்பாரே! அதனால் எழுதவே இல்லை. நான் டேப் சுற்றுவேன்; கூட்டம் சேர்கிற நாளில் அவர் உரிப்பார். நேராகவே கேட்டேன்.

"போன வாரம் நாலு பேர் சுட்டாங்கல்லங்க, ஒண்ணும் ஆகலியே? கூட்ட நேரத்துல சும்மா பயமுறுத்தாதீங்க, முருகேசன்."

பெருநாள் கூட்டம்

பெருநாள் லீவு. எல்லா வரிசையிலும் ஆள். மேனேஜரின் மகள் காலேஜ் தோழிகளோடு வந்திருந்தாள். நான் பக்கத்து வரிசையில் ஒரு பெரியவரோடு நின்றேன். அவளைப் பார்த்துக்கொண்டது என்னோடு வேலை பார்க்கும் நேபாளத்துத் தீபக். ரேக்கில் டேப் இல்லாமல் இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன்மேல் தப்பில்லை.

அடுத்த வரிசையில் ஒரு 'டிக்' கேட்டது. வெடி இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பெரியவர் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தடுப்பைச் சுற்றி ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் அப்பா நிற்கிறார் அல்லவா? "டாடி, இட்ஸ் நாட் வொர்க்கிங்" என்று கையில் பிஸ்டலோடு அந்தப் பெண் திரும்பத் தொடங்கினாள். பாதித் திரும்பலில் அவள் மணிக்கட்டைப் பிடித்து மண்மேட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

வெடித்தது. மண் தெறித்தது. பெண் அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது அறைந்திருப்பேன். மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மகளைக்கூட அப்புறம்தான் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"முருகேசன்... அது ஏழாம் நம்பருங்களா?"

இரண்டு துண்டு

அன்று சாயங்காலமே கடிதம் போனது. அடுத்த வாரம் அதிகாரி வந்தார். மெஷினில் வைத்து ஏழாம் நம்பரை நானே அறுத்தேன். பொறி பறந்தபோது மனசு குளிர்ந்தது. "இத்தனை மோசமானதை இவ்வளவு நாள் எப்படி வைத்திருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்:

"பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கண்டிப்பு சார், அன்றைக்கே சிவப்பு டேப் ஒட்டிவிட்டோம்."

அலமாரியில் அதன் கூடப்பிறந்தவை இன்னும் ஐந்து இருக்கின்றன, மேனேஜருக்கோ மகள் ஒன்றுதான்.