மூன்றரை மணிக் கையெழுத்து

கடலோர ஊரில் மூன்று நாள் இசை விழா. ஒரே நேரத்தில் ஏழு இடங்களில் கச்சேரி. பழைய தியேட்டர், நூலகத்து மாடி, துறைமுகக் கிடங்கு என்று திரும்பிய பக்கமெல்லாம் பாட்டு. மணிக்கட்டில் நுழைவுச்சீட்டுக்குப் பதிலான மஞ்சள் பட்டையைக் கட்டிக்கொண்டு ஜனம் வாசலுக்கு வாசல் ஓடியது. அக்கா ஓடவில்லை. தங்கையையும் இழுத்துக்கொண்டு அவள் வந்தது ஒரே ஒரு கச்சேரிக்கு. அதுவும் கேட்பதற்காக அல்ல, மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று ஒருவனுடைய மானத்தை வாங்குவதற்காக.

அக்காவின் தொழில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய அரங்கில், பத்திரிகைகள் மேதை என்று எழுதும் அந்த மனிதர் வேகமான ஓர் இடத்தில் விரல் தடுக்கித் தப்பாக வாசித்தார். உடனே சபையைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, பியானோவை ஒழுங்கா சுருதி சேர்க்கலை" என்று கூசாமல் சொன்னார். அவ்வளவுதான். அன்றோடு எந்த அரங்கமும் அவளைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துப் பியானோக்களும், துணி மடித்து வைக்கிற வீட்டுப் பியானோக்களும்தான் மிச்சம். அவள் அவருக்கு வைத்த பெயர் மேதாவி. சாப்பிடும்போதுகூட மேதாவியைத் திட்டாமல் அவளுக்கு ஒரு கவளம் இறங்காது.

"நாலு பேர் முன்னாடி கத்தினா உன்னைத்தான் பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றாள் தங்கை.

"சொல்லட்டும். அவன் காதுலயும் விழணும்."

கச்சேரி நான்கு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். இரண்டு மணிக்கே போய் நின்றார்கள். உள்ளே மண்டப மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தரையைக் கழுவிவிட்டு, காயட்டும் என்று கடல் பக்கத்து ஜன்னல்களைக் காலையிலிருந்து திறந்து போட்டிருக்கிறார்கள். ஈரக்காற்று பட்டு பியானோ கலைந்துவிட்டது. விழாவின் சுருதிக்காரர் ஊரின் மறுகோடியில், கிடங்கில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா அந்த வேலைதான் பாக்கறா" என்று தங்கை வாயை விட்டாள். கல்யாணத்துக்குப் போனாலும் கருவிப் பையோடு போகிறவள் அக்கா. பை தோளிலேயே இருந்தது. மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஜன்னல்களை அடைக்கச் சொல்லிவிட்டு அக்கா மூடியைத் திறந்தாள். மேதாவி வாசிக்கப்போகும் நிரலில் அதே பாட்டு இருந்தது. அவர் அன்று தடுக்கிய இடத்தின் கட்டைகள் அவளுக்கு மனப்பாடம். கம்பியை முறுக்கும் ஆணியில் சுருதிச் சாவியை மாட்டினாள். மயிரிழை தளர்த்தினால் போதும், ஊரே முகம் சுளிக்கும். கை பரபரத்தது. அப்புறம்தான் சுரீரென்று உறைத்தது. தளர்த்தினால், அன்று அவன் சொன்ன பொய்யை இன்று இவளே உண்மையாக்கியது போல ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் எந்தப் பியானோவுக்கும் சேர்க்காத அளவுக்குச் சுத்தமாகச் சேர்த்தாள். அவனுக்குச் சாக்கு சொல்ல ஒரு கம்பிகூட மிஞ்சக் கூடாது.

மூன்றரைக்கு மேதாவி வந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் நேரம் கடந்து வந்து, பியானோவைத் தொட்டுப் பார்க்காமலே மேடையேறியவர். அதிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வாசிக்கிறவர் சோதித்துப் பார்த்து, 'சுருதி சரி' என்று நேரம் போட்டு எழுதிய சீட்டில் கையெழுத்துப் போடாமல் இடத்தை விட்டு நகர மாட்டாள், பள்ளிக்கூட டீச்சரானாலும் சரி. மேதாவி எல்லாக் கட்டைகளையும் ஓட்டிப் பார்த்தார். "பிரமாதம்! கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. பதினோரு வருஷத்தை நாசம் பண்ணினவனுக்கு நாசமானது யார் என்றுகூட நினைவில்லை.

கச்சேரி ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டு, அதே இடம், அதே தடுக்கல். மேதாவி கையை எடுத்தார், பெருமூச்சு விட்டார், சபைப் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கணும். கடல் காத்து பாருங்க, பியானோ சுருதி கலைஞ்சு போச்சு."

தங்கை அவள் முழங்கையைப் பிடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். கத்தவில்லை. நிதானமாக மேடையேறி, சீட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், மூன்றரை மணிக்கு நீங்க போட்ட கையெழுத்து. ஜன்னல் அப்பவே அடைச்சாச்சு."

நின்றபடியே, அவர் தடுக்கிய இடத்தை ஒற்றை விரலால், ஒவ்வொரு கட்டையாக, மெதுவாகத் தட்டினாள். சத்தம் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் சுத்தமாகப் போனது. காது உள்ள எவருக்கும் சந்தேகம் வராது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க... யாரு?" என்றார் மேதாவி, குரல் இறங்கி.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் நான்தான் சார் சேர்த்தேன். அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. இப்ப வாசிங்க."

இறங்கி வந்து உட்கார்ந்தாள். மேதாவி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. தடுக்கியது. இந்த முறை அவர் யாரையும் குறை சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வாசித்து முடித்தார்.

"போதும்க்கா, பாவமா இருக்கு. போயிடலாம் வா" என்று தங்கை காதில் கெஞ்சினாள்.

அக்கா நிரல்தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருடி. இன்னும் மூணு பாட்டு இருக்கு."