கையுறையைக் கழற்றும் கோல்கீப்பர்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் மழை விட்ட ஞாயிறு மதியம். தமிழர் அணியின் கால்பந்து ஆட்டத்தை ஏழு பேர் பார்த்து நிற்கிறோம். கோல்கீப்பர் மட்டும் வெள்ளைக்காரர், நாற்பதைத் தாண்டியவர்.

"ஸ்கொட்லாந்துக்காரர்," என்கிறார் எனக்குத் தேநீர் ஊற்றித் தரும் சிவம் அண்ணை. "அங்கை நாலாம் டிவிஷனிலை பதினொரு வருஷம் விளையாடினவர். பகலிலை கூரை வேலை, பின்னேரம் பயிற்சி. இப்ப முழங்கால் பழுதாப் போச்சு, டொக்டர் மறிச்சிட்டார். இண்டைக்குத்தான் கடைசி."

மூன்று கோல் வாங்கித் தோற்கிறார்கள். அவர் நொண்டியபடி வந்து, சேறு அப்பிய கையுறையைக் கழற்றி, பார்த்து நின்ற ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கிறார்.

"அங்கை பாக்க வாறதே நாப்பது பேர்தானாம். எல்லாருக்கும் கை குடுத்துப் பழகிட்டார்," என்கிறார் சிவம் அண்ணை.

என் முறை வருகிறது.

"அடுத்த கிழமையும் வாங்கோ," என்கிறார் தமிழிலேயே.

நாளைக் காலை எனக்குச் சென்னைக்குத் திரும்பிப்போக விமானம்.

"ஓம், வாறன்," என்கிறேன்.