அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அறந்தாங்கியில் நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையையும் ஆரம்பித்தேன்.

எங்கள் பள்ளி நூலகத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நம் ஆட்களை ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்திருக்கிறார்கள். கீழே பெயர் கிடையாது. சாதி, உயரம், மண்டையின் அகலம், அவ்வளவுதான். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது மாதிரி! அந்தப் புத்தகத்துக்குத் தனியாகக் கண்ணாடி அலமாரி, பூட்டு, மரியாதை எல்லாம் வேறு.

அதே கோல், அதே மாதிரி படம். ஆனால் படத்துக்குக் கீழே, அதில் நிற்பவர் சொல்வதை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்தேன். பள்ளிக் கண்காட்சிக்கு வராந்தாச் சுவரைத் தருவதாகத் தலைமையாசிரியை சொன்னார். திங்கட்கிழமைக்குள் படங்கள் வராவிட்டால் அங்கே டெங்கு சார்ட் ஒட்டிவிடுவாராம். அந்தச் சுவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் கோலை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கலைக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா? பிறகுதான் கவனித்தேன், எல்லார் கையிலும் பாஸ்போர்ட் ஜெராக்ஸ். உயரம் பார்த்துப் போட்டோ எடுக்கிறார்கள் என்றதும், குவைத்துக்கு ஆள் எடுப்பதாகக் கடைத்தெரு வரை பேச்சாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். முகங்கள் தொங்கிப்போயின. ஒவ்வொருவராக நழுவினார்கள். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பிய ஒருவரும், அவரோடு வந்த நாலைந்து பேரும் மட்டும் மிஞ்சினார்கள். அவரிடம் அந்தப் பழைய படங்களைப் போனில் காட்டி, அநியாயத்தைப் பாருங்கள் என்றேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"குவைத்து போறதுக்கு முன்னாடி மெடிக்கல் டெஸ்ட்டுல எங்களையும் இப்புடித்தான் நிறுத்துவாங்க டீச்சர். இப்ப நீங்களும் நிக்கச் சொல்றீங்க. மொதல்ல நீங்க அங்கிட்டு நில்லுங்க, நான் எடுக்கிறேன்."

சுருக்கென்றது. நான் அந்த வெள்ளைக்காரன் ஆகிவிட்டேனா என்ன? சண்டை வாய் வரை வந்தது. ஆனால் சுவர் வேண்டும். நின்றேன். தலையை நிமிர்த்தச் சொன்னார், திரும்பச் சொன்னார், கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். உயரத்தைச் சத்தமாக வாசித்தார். வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். காது சூடானது. எடுத்து முடித்ததும் கோலைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்தேன்.

"இது வேணாங்க. ஒங்களுக்குப் பிடிச்ச மாதிரி நில்லுங்க" என்றேன்.

அவர் பைக்கில் சாய்ந்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள், ஒருவர் சும்மா உட்கார்ந்தே எடுத்துக்கொண்டார். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். மெக்கானிக் சொன்னது: "பதினோரு வருசம் அடுத்தவன் வீட்டைக் குளுகுளுன்னு வச்சேன். இப்ப எங்க வீட்டுல ஏசி மாட்டப் போறேன்."

திங்கட்கிழமை சுவர் நிறைந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் என்னுடையது ஒன்றுதான். அதற்கு என்ன எழுதுவது என்று மெக்கானிக்கிடமே கேட்டிருந்தேன். தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்:

"டீச்சர். அஞ்சடி ரெண்டு அங்குலம். அளந்தப்ப அவங்களுக்கும் வலிச்சுச்சு."