மூடிக்கு உள்ளே அண்ணன் எழுதியது

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பாறசாலையில் பிளம்பிங் வேலை. நாலு மாதம் முன்பு என் அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் தன் கையாலேயே பாகங்களைப் பூட்டி உருவாக்கிய பழைய கம்ப்யூட்டரில்தான் அவன் சர்ச்சில் பாடிய வீடியோக்கள் உண்டு. அதுவோ பாதிப் பாட்டில் நின்றுவிடும்.

வேகம் கூட்டலாமென்று நெய்யாற்றின்கரையில் ஒரு பிராசசர் வாங்கி வந்தேன். பழையதும் இதுவும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, பொருந்தும் என்று நினைத்தேன். மதர்போர்டில் அது சரியாக உட்காரவில்லை. பைப்பில் எல்போ என்ற வளைவுத் துண்டை அழுத்தி ஏற்றிப் பழகிய கை! பெருவிரலை வைத்து அழுத்தப் போனேன்.

கழற்றிய பக்கமூடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "மக்கா, நில்லு. இதுக்க உள்ள அவன் என்னவோ எழுதியிருக்கான்" என்றாள்.

மலையாள எழுத்தில் எங்கள் தமிழ். அம்மா வாசித்தாள்: "சாக்கெட் 1155. வேற நம்பர் கேறாது. எலே தம்பி, பலம் பிடிச்சி ஒடைச்சிராத."

"செத்தும் என்னை ஏசுதானே!" என்றேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

சாக்கெட் என்றால் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்; நான் வாங்கியது 1151-க்கானது. அழுத்தியிருந்தால் போர்டில் முடிபோல் இருக்கும் பின்கள் வளைந்து, அண்ணனின் கம்ப்யூட்டரே போயிருக்கும். கடைக்காரர் மாற்றித் தந்தார். 1155 தானாக உட்கார்ந்தது. பாட்டு நிற்காமல் ஓடியது.

"இப்பதான் பய திக்காம பாடுதான்" என்றாள் அம்மா.

இப்போதெல்லாம் மதர்போர்டின் பெயரையும் சாக்கெட் நம்பரையும் போட்டோ எடுத்து, அதில் எந்தப் பிராசசர் ஓடும் என்று கம்பெனி வெப்சைட்டில் பார்த்த பிறகே கடைக்குப் போகிறேன். அண்ணன் எழுத்துக்கு அடியில் நானும் எழுதிவைத்தேன்: "செரி அண்ணா."