நகர்ந்தால் நிற்கும் கதிர்

செங்குட்டுவன் முப்பது வருடமாக எண்ணூர் சாலையில் டிரெய்லர் ஓட்டியவர். துறைமுக வாசலில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். போன வருடம் அப்படி நின்ற வரிசையில் சிறுநீர் முட்டிக்கொண்டே இருந்தது. இறங்கிப் போனால் வரவில்லை. பரிசோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். வயது அறுபத்திரண்டு.

கதிர் சிகிச்சை என்றதும் மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. காரணம் அண்ணன் லட்சுமணன். அவருக்கும் இதே நோய்தான். பத்து வருடத்துக்கு முன் கதிர் வைத்துக்கொண்டார். நோய் போனது. ஆனால் மலக்குடல் வெந்து புண்ணாகி, இன்றும் ரத்தம் போகிறது. கல்யாணம், சாவு எதற்கும் அவர் வெளியே வருவதில்லை. கக்கூஸ் எங்கே என்று தெரியாத இடத்துக்குப் போக பயம்.

மனைவி வரலட்சுமிதான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள். "உங்கண்ணனாவது உசுரோட கீறாரு. நீ இப்டியே குந்திகினு இருந்தா? வா, டாக்டரம்மாவ ஒரு தபா பாத்துட்டு வர்லாம்."

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். "புராஸ்டேட் ஒரே இடத்துல நிக்காதுங்க. மூத்திரப்பையோ குடலோ நிறைஞ்சா நகரும். அதனால முன்னாடி எல்லாம் சுத்தி கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே கதிர் வைப்போம். இந்த மெஷின் எம்ஆர்ஐ படம் எடுத்துகிட்டே கதிர் வைக்கும். நகர்ந்தா கதிர் நின்னுடும்."

ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்து தடவை. திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, குழாய் போன்ற அந்த மெஷினுக்குள் அசையாமல் முக்கால் மணி நேரம் படுக்க வேண்டும். மூன்றாம் தடவை பாதியிலேயே வெளியே இழுத்துவிட்டார்கள்.

"குடல்ல காத்து சேர்ந்து புராஸ்டேட் நகர்ந்திருக்குங்க. கொஞ்சம் நடந்துட்டு வாங்க," என்றாள் டெக்னீஷியன் மகிமா.

ஒரு மணி நேரம் வராந்தாவில் நடந்தார். கால் வலித்தது. "இன்னாம்மா, காத்துக்கெல்லாமா இந்த பேஜாரு?"

"படத்துல தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சப்புறம் எப்படிங்க சுடுறது?"

அண்ணனைச் சுட்டபோது நகர்ந்தது யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் சிறுநீர் எரிந்தது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு நன்றாகக் குறைந்திருந்தது. அதைச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனார். போனபிறகு சொல்ல வாய் வரவில்லை.

லட்சுமணனே கேட்டார். "ரத்தம் போவுதா?"

"இல்லண்ணா."

"எத்தினி தபா வச்சாங்க?"

"அஞ்சு."

"எனக்கு முப்பத்தெட்டு." தம்பியின் முகத்தைப் பார்த்தார். "இன்னாத்துக்குடா திருடனாட்டம் முழிக்கிற? நல்லாகீறன்னா நல்லாகீறேன்னு சொல்லு."

"நல்லாகீறேண்ணா."

"அப்ப வண்டி எடு. வூட்லயே குந்தாத." சொல்லிவிட்டு லட்சுமணன் சுவரைப் பிடித்தபடி கக்கூஸுக்குப் போனார்.

செங்குட்டுவன் அவர் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாயிற்று.