எஞ்சின் தறியறைக்குப் போன நாள்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது. என் கணவரைச் சானடோரியத்தில் சேர்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காசநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் பால்காரர்கூடச் சொம்பை மதில்மேல் வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போனபிறகுதான் குரல் கொடுத்தார்.

என் கணவர் சொந்தமாக வாடகைக் கார் வைத்து ஓட்டியவர். கல்யாணம், பிரசவம், பழனி மலைக்கு நேர்த்திக்கடன் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கறுப்புக் கார்தான். புகை அதிகமாகக் கக்குகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, எஞ்சினை மட்டும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் வேறு ஆள் அதன்மேல் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது. இரண்டு வேலங்கட்டைகளில் சட்டம் அடித்து, எஞ்சினை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கி, வேப்பமரத்தடியில் நிறுத்தினார். சவாரி இல்லாத அந்த நாட்களில் மண்ணெண்ணெயில் ஒவ்வொரு உறுப்பாகக் கழுவித் துடைத்தார். எல்லாவற்றையும் மறுபடி பூட்டி முடித்த வாரம்தான் இருமலில் ரத்தம் வந்தது.

பார்க்கப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

“எஞ்சின் நனையாம இருக்குதா புள்ள? தண்ணி உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்.”

“தார்ப்பாய் கட்டியிருக்கறனுங்க மாமா.”

அந்த ஆனியில் ஒருநாள், நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வந்தார். தறி நெய்த குடும்பம். அதற்குள் தறியை விட்டுப் பனியன் மெஷினுக்கு மாறியிருந்தார்கள். எங்கள் அறையை ஒட்டியிருந்த தறியறை காலியாகக் கிடந்தது. அவர் வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

“ஏங்கண்ணு, செவ்வாக்கெழம கொத்தனாரு வாராரு. இந்த மரத்துல இருந்து செவுரு எழுப்போணும். அந்த இரும்ப எடுத்தரோணுமே.”

“எங்கீங்க கொண்டுபோய் வெக்கறது?”

“தறியறை சும்மாத்தான கெடக்குது, அங்க போட்டுக்க. ஆனா ஆளுதான் கெடைக்க மாட்டேங்குது. நாலு பேத்தக் கேட்டுப் பாத்துட்டேன். இந்த வாசலுக்குன்னா வரமாட்டேங்கறாங்க. பழைய இரும்புக்காரன் மட்டும் வாரேங்கறான்.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவருக்கே அது கஷ்டமாக இருந்தது என்று தெரிந்தது.

“நானே எடுத்து வெச்சுக்கறனுங்க.”

“நீயா? அதென்ன தண்ணிக்கொடமா கண்ணு?”

“ஞாயித்துக்கெழம லீவுதானுங்க. பாக்கறனுங்க.”

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. நான் பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை அங்கே புது மெஷின் வந்தபோது அடியில் இரும்பு பைப்புகளைக் கொடுத்து உருட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோனதைக் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஞாயிறன்று காலையில் கிணற்றடியில் கிடந்த நான்கு பைப் துண்டுகளைப் பொறுக்கினேன். காரின் ஜாக்கி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கடப்பாரை வீட்டிலேயே உண்டு. பலகைதான் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கட்டிலையே பிரித்தேன். அவர் படுக்கிற கட்டில். அவர் போனபின் நான் அதில் படுப்பதில்லை.

சட்டத்தின் ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பி, ஜாக்கியைச் சொருகித் தூக்கி, பலகையையும் பைப்பையும் தள்ளினேன். அடுத்த முனைக்கும் அப்படியே. பிறகு இரண்டு கைகளையும் எஞ்சின்மேல் வைத்து, காலை வேப்பமர வேரில் உதைத்துக்கொண்டு தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தள்ளினேன். சட்டென்று, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல, அது நகர்ந்தது. நான்கு விரற்கடை இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதற்குப் பிறகு பொழுது எப்படிப் போனதென்று சொல்ல முடியவில்லை. பின்னால் விடுபட்ட பைப்பை எடுத்து முன்னால் வைப்பது, தள்ளுவது, மறுபடி எடுத்து வைப்பது. ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சலவைப் பட்டறைக்காரர்கள் துணி காயப்போடும் வெட்டவெளி. வெளுத்த பனியன் துணியைக் கயிறு கயிறாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். வட்ட மெஷினில் பின்னிய துணி வெட்டும்வரை நீளக் குழாயாகத்தான் இருக்கும். காற்று உள்ளே புகுந்ததும் அவை ஒவ்வொன்றாக உப்பி எழுந்து, வெள்ளை வெளேரென்று தலையும் முகமும் இல்லாத ஆட்களைப்போல ஒரே திசையில் மிதந்தன. காற்று விட்டதும் தொய்ந்து விழுந்தன. நான் தள்ளும்போது அவையும் எழுந்தன. மூச்சு வாங்க நிற்கும்போது அவையும் விழுந்தன. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மாட்டிடம் பேசுவதுபோல எஞ்சினிடம் பேசிக்கொண்டே போனேன். “வா சாமி, இன்னுங் கொஞ்சந்தான், வா.” வெளுப்புத்தூள் வாசனையும் ஆயில் வாசனையும் கலந்து தலை லேசாகக் கிறங்கியது.

தறியறையின் வாசற்படி ஒரு சாண் உயரம். பலகைகளைச் சாய்வாகப் போட்டேன். கிணற்றுக் கயிற்றை உள்ளேயிருந்த கல்தூணிலும் சட்டத்திலும் இரட்டையாகச் சுற்றிக் கட்டி, இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் கடப்பாரையைச் சொருகி முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கயிறு குறுகி எஞ்சினை இழுத்தது. நழுவாமலிருக்கப் பின்னால் செங்கல் வைத்துக்கொண்டே வந்தேன். பாதி ஏறியதும் ஒரு செங்கல் நொறுங்கியது. சட்டம் பின்னால் சறுக்கி நிலைப்படியில் மோதி நின்றது. நடுவில் என் இடதுகை நடுவிரல்.

கத்தினேன் போலிருக்கிறது. விரலை உருவி எடுத்தபோது நகம் இல்லை. அங்கேயே, பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக நின்ற எஞ்சினோடு நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. இரும்பு நிழலில் குளிர்ந்திருந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்தேன். கண் சொருகியது.

அந்தச் சின்னத் தூக்கத்தில் அவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில். சாலை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் சக்கரம் உருளும் சத்தமே இல்லை. “எஞ்சின் இல்லாமயே எப்படிங்க மாமா ஓடுது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், இருமாமல் சிரித்தார்.

“ஏனுங்க! ஏனுங்கக்கா!”

மதிலுக்கு மேல் ஒரு முகம். சலவைப் பட்டறையில் துணி காயப்போடுகிற பெண். அதுவரை பேசியதில்லை.

“கையில ரத்தமுங்க. பாக்கலீங்களா?”

உள்ளே வரவில்லை. ஆனால் கயிற்றிலிருந்த துணியிலேயே ஒரு துண்டைக் கிழித்து, சுருட்டி, மதிலுக்கு இந்தப் பக்கம் எறிந்தாள். முதலாளி பார்த்தால் வேலை போயிருக்கும். விரலைச் சுற்றிக் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது முகம் மறைந்திருந்தது.

மறுபடி கயிற்றை முறுக்கினேன், இந்தமுறை செங்கல்லுக்குப் பதில் அம்மிக்கல்லை உருட்டிவந்து பின்னால் வைத்து. வெயில் சாயும் நேரத்தில் சட்டத்தின் முன்முனை உள்ளே தரையில் டொம்மென்று இறங்கியது. முன்பு நெய்கிறவர் காலை இறக்கி உட்கார்ந்த தறிக்குழியை மண்போட்டு மூடியிருந்த இடம் பொதுபொதுவென்று இருந்ததால் அதன்மேல் பலகை போட்டு, சுவரோரமாக எஞ்சினை ஒதுக்கினேன். பழைய பனியன் துணியால் சுற்றிக் கட்டிக் கதவைப் பூட்டியபின், பிரித்த கட்டிலை அடுக்கக்கூடத் தெம்பில்லை.

அடுத்த வாரம் சானடோரியத்துக்குப் போனேன்.

“உள்ள வெச்சாச்சுங்க மாமா. தறியறைல.”

“யாரு தூக்குனா?”

“நானுங்க.”

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு, “ஜாக்கிய எந்த எடத்துல குடுத்த?” என்று கேட்டார். சொன்னேன். “மொதல்ல இருந்து சொல்லு” என்றார். பார்வை நேரம் முடியும்வரை அதைத்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். படியில் சறுக்கிய இடம் வந்ததும், ஜன்னலோரத்து ஆள் ஒருவர், “செங்கல்லு வெக்கலாமுங்களா? மர ஆப்பல்ல வெக்கோணும்” என்று கோபித்துக்கொண்டார். வார்டே சிரித்தது. மாதக்கணக்கில் யாரும் எங்களோடு சேர்ந்து சிரித்ததில்லை.

மறுவருஷம் அவர் வீடு திரும்பினார். கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணற்றுப் பம்புக்கு எஞ்சினைக் கேட்டார், கொடுத்துவிட்டோம். எடுத்துப்போக நான்கு ஆட்கள் வந்தார்கள். மூங்கிலில் கட்டித் தோளில் ஏற்றும்போது அவர்கள் முனகிய முனகலைக் கேட்டு இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒருநாள் இருவரும் அந்த விவசாயியின் தோட்டத்துக்குப் போனோம். கிணற்று மேட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து மஞ்சள் பயிரிட்ட காட்டுக்குள் போயிற்று. நான் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“டைமிங் கொஞ்சம் பிந்தி நிக்குதுங்க” என்றார் அந்த விவசாயியிடம். “ஸ்பேனர் இருந்தா குடுங்க.”